கூடுதல் பாடம்: உயிரியல்

வெங்காய வேரின் நுனியைப் பிளேடால் நறுக்கி, சிவப்புச் சாயம் இருந்த வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டில் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகக் காட்டிக்கொண்டிருந்தேன். சூடு ஏற ஏறச் சாயத்திலிருந்து வினிகர் போலக் காடி வாடை கிளம்பி மூக்கைக் குத்தியது. வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகம் அது. அதற்கு முன்னால் நான் மிதித்தே பார்க்காத பள்ளிக்கூடம். பின் பெஞ்சில் யாரோ ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரத்தில் சென்னையில், ஓர் அரசு மருத்துவமனையில், என் அப்பாவை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து வலது கன்னத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் செல்போனை ஆய்வக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அம்மா கூப்பிட்டு, "உள்ள கூட்டினு போய்ட்டாங்க" என்றாள். அதுதான் எனக்கு வந்த கடைசித் தகவல். அதன் பிறகு என் கையில் இருந்ததெல்லாம் வெங்காய வேரும் அந்தக் காடி வாடையும்தான்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவரும் செய்யாறு வாசகி ஒருவர், 'கம்ப்யூட்டர் குரூப் படித்த பெண் பல் டாக்டர் ஆனது எப்படி என்று சொல்லாமல் நழுவிக்கொண்டே இருக்கிறீர்களே' என்று எழுதியிருந்தார். நழுவவில்லை அம்மா. இந்த நாளைத் தொடாமல் அதைச் சொல்ல முடியாது. தொடுவதற்குத்தான் இத்தனை வாரம் ஆனது.

மூன்று விரல்

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரை, மறுபடி அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு. பெரிய பேச்சுக்காரர். ஏறி உட்கார்ந்தவர் மனு கொடுக்கப் போகிறாரா, சாமி கும்பிட வந்தவரா, பெண் பார்க்க வந்தவரா என்று வண்டி முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களையும் விட மாட்டார். அவருக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அவர்கள் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிடுவார்.

பேச்சுக்கு நடுவே பாக்கு. சின்னப் பொட்டலத்தில் வருமே, அந்த வாசனைப் பாக்கு. பல்லால் கிழித்து வாயில் கொட்டி வலது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அவர் ஆட்டோவில் ஏறினால் பெட்ரோல் வாடையோடு அந்த இனிப்பு வாசனையும் சேர்ந்து வரும். எனக்குச் சின்ன வயதில் அதுதான் அப்பா வாசனை.

பிறகு காரம் எரிய ஆரம்பித்தது. அம்மா குழம்பில் மிளகாயைக் கம்மி பண்ணினாள். பிறகு தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டி வந்தது. கொட்டாவி விட்டால் வாய் பாதியில் நின்றுவிடும். வயது ஆகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஐம்பதைக்கூடத் தொடாத மனுஷனுக்கு என்ன வயது?

நான் அப்போது கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த புதிது. காலை ஷிப்ட். ஒரு நாள் மதியம் கல்லூரி முடிந்து அப்பா வண்டியில் ஏறிக்கொண்டேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் பந்தல் போட்டு, ஆட்டோ டிரைவர்களுக்கு வாய் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. கூட்டாளிகள் கூப்பிட்டார்கள் என்று அப்பா போனார். விளையாட்டாகத்தான் போனார்.

பரிசோதித்த பல் டாக்டர் சின்னப் பெண். கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக நிறுத்தி, வாய்க்குள் வைக்கச் சொன்னார். சாதாரணமாக எல்லோருக்கும் போகும். இதைப் படிக்கிறவர்களும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு விரல்தான் போனது.

"நல்லாத் திறங்கண்ணா."

"இவ்ளோதாம்மா வரும்" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

டாக்டர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பாக்கின் சாறு பட்டுப் பட்டு உள்தோல் பதம் கெட்டு இறுகிப்போயிருக்கிறது, அதற்கு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, அதுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னிடமும் ஒருமுறை சொன்னார். "இத தள்ளிப் போடாதீங்க. சென்னைக்குக் கூட்டினு போய் டெஸ்ட் எடுங்க. இந்த வாரமே."

பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதே எரிச்சலுக்கு வேறொரு கிளினிக்கில் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் தினமும் சோறு போட்ட வாய். அதற்குள் என்ன இருந்தது என்று முதலில் பார்த்தவர் அந்தப் பெண்தான்.

கம்ப்யூட்டர் குரூப்

அன்றிலிருந்து அப்பாவும் நானும் மாதாமாதம் சென்னைக்குப் போனோம். முதல் டெஸ்ட்டில் கேன்சர் இல்லை, ஆனால் ஆகக்கூடியது என்று வந்தது. பாக்கை அன்றைக்கே விட்டார். விட்டதும் கை பரபரவென்று சட்டைப் பையைத் தேடும். பட்டாணி வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்தேன். அதையும் மெல்ல முடியாது. ஊறவைத்துச் சப்பினார்.

பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு ஹவுஸ் சர்ஜன் அக்கா, வாயைத் திறக்கப் பழக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பல்வரிசைக்கு நடுவே வைத்து, நாளாக நாளாக ஒரு குச்சி கூட்ட வேண்டும். வீட்டில் அது என் வேலை. குச்சியைச் செருகும்போது அப்பாவின் கண்ணில் தண்ணீர் முட்டும். ஆனாலும் கையால் 'போடு, போடு' என்பார்.

ஒரு தடவை அந்த அக்காவிடம், இதைப் படிக்க என்ன பண்ண வேண்டும் என்று கேட்டேன். நீட் எழுதணும் என்றார். ப்ளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே உயிரியல் ஆகாது. படம் வரைய வராது. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், எடுத்தேன். அதைப் பற்றி அன்று வரை ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

ப்ளஸ் டூ முடித்த பிறகு உயிரியலை மட்டும் தனியாக, கூடுதல் பாடமாக, திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம் என்று அந்த அக்காதான் சொன்னார். அப்படி எழுதியவர்களை மருத்துவப் படிப்பில் சேர்க்கலாமா என்பது அப்போது கோர்ட்டில் இருந்தது. நீட் எழுதலாம், ஆனால் சீட் நிலைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. "ரிஸ்க்தான். யோசிச்சிக்கோ" என்றார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கையில் இருக்கிற கல்லூரியை விடக் கூடாது. கோர்ட்டை நம்பிப் பெண்ணின் படிப்பை நடுத்தெருவில் நிறுத்த அவள் தயாராக இல்லை. அவள் பயம் எனக்குப் புரிந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் நிலம் சின்னது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா கிரிவலப் பாதையில் போடும் சுக்குக் காபிக் கடையும் அப்பாவின் ஆட்டோவும்தான் குடும்பம். அதில் ஆட்டோ பல நாள் சும்மா நிற்க, அப்பா சென்னை பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

ஆக, காலையில் கல்லூரி. மதியம் உயிரியல். மற்ற நேரமெல்லாம் நீட்.

ஒரே பாடம், இரண்டு விதம்

கூடுதல் பாடமும் நுழைவுத் தேர்வும் ஒரே உயிரியல்தானே, ஒன்றைப் படித்தால் இன்னொன்றுக்கும் ஆகிவிடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து இறங்கினேன்.

திறந்தநிலைப் பள்ளிப் புத்தகம், விளக்கு என்று சொல்லும். படம் வரைந்து பாகங்களைக் குறி என்று சொல்லும். இதயத்தை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டும். நீட் எதையும் எழுதச் சொல்லாது. நாலு விடை கொடுத்து, ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கு என்று சொல்லும். நாலுமே சரி மாதிரி இருக்கும். ஒன்றுக்கு நிதானம் வேண்டும், இன்னொன்றுக்கு வேகம். ஒன்றில் மூழ்கியிருந்துவிட்டு மற்றதை எடுத்தால், ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கால் தடுமாறுமே, அது மாதிரி இருக்கும்.

மொழி வேறு. நான் தமிழ் மீடியம். பாடப் புத்தகம் இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தைக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதி எழுதி, கடைசியில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அச்சு எழுத்து மறைந்து என் கையெழுத்துதான் தெரியும்.

சனிக்கிழமை வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் வகுப்பு நடக்கும். என் பக்கத்தில் மும்தாஜ் அக்கா உட்காருவார். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு, நர்சிங் படிக்க வேண்டும் என்று உயிரியல் எழுத வந்தவர். அவர் வரைந்த தவளை தவளை மாதிரியே இருக்கும். எனக்கும் அவர்தான் வரையக் கற்றுக்கொடுத்தார். முதலில் வெளிக்கோடு, அதற்குள் பெரிய உறுப்பு, கடைசியில்தான் நரம்பு.

ஒரு சனிக்கிழமை பௌர்ணமியாகப் போனது. பாதையில் வண்டி கிடையாது. கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக அடி அண்ணாமலையிலிருந்து நடந்தேன். சுற்றிலும் அரோகரா சத்தம். நான் மூளை நரம்புகளின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கூட வந்த ஒரு அம்மா, "இன்னா மந்திரம் சொல்ற?" என்று கேட்டார். பரீட்சைக்கு என்றேன். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனார்.

கல்லூரி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் கணக்கு போடுவேன். ஒரு மேடம் பார்த்துவிட்டார். வெளியே அனுப்பவில்லை. அட்டெண்டன்ஸ் குறைந்தால் என்னால் ஒன்றும் பண்ண முடியாது, அதை மட்டும் பார்த்துக்கொள் என்றார். செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வாரம்தான் அப்பாவின் இரண்டாவது டெஸ்ட் முடிவு வந்திருந்தது. வெள்ளைத் திட்டு இப்போது கேன்சர் ஆகியிருந்தது.

இரண்டு தேதி

பொங்கல் கழிந்து, வெயில் ஏற ஆரம்பித்திருந்த நாட்கள். அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. எனக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு வேலூரில் என்று வந்தது. அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவர்கள் சொன்னதும் அதே தேதி.

செய்முறைக்குப் போகாவிட்டால் உயிரியலில் தேர்ச்சி இல்லை. உயிரியல் இல்லாமல் நீட்டில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் பயனில்லை. ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளச் சொன்னால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று தெரியாது. அந்த நோய் காத்திருக்காது.

பரீட்சைக்கு நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. "நீ இல்லன்னா நான் அங்க ஒண்டியா இன்னா பண்ணுவேன்" என்றாள். அவளுக்குச் சென்னையில் எந்தப் பக்கம் போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதாவது, மிக்ஸியில் அடித்த ரசஞ்சோற்றை ஸ்பூனால் வாயோரம் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஆப்பரேசன் பண்றது டாக்டரு. நீ வந்து இன்னா பண்ணப் போற? வெளிய உக்காந்து அழுவ. அத உங்கம்மா பாத்துப்பா. ஏழுமலைய வரச் சொல்றேன், அவன் தொணைக்கு இருப்பான். நீ பரிச்சைக்குப் போ. நான் கண்ணு முழிக்கும்போது நீ எழுதிட்டு வந்துட்டன்னு காதுல வுழணும்."

ஏழுமலை என் மாமா, அம்மாவின் தம்பி. வண்டலூர் பக்கம் கம்பெனி வேலை. அப்பா அந்த நிமிஷமே அவருக்குப் போன் போட்டுப் பேசினார்.

அப்பாவின் பழைய குரலில், அவ்வளவு நீளமாக நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எதிர்த்து வாதாடியிருப்பேன், அவர் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பார்.

நிற்காமல் பிரியும் செல்

வேலூர் ஆய்வகத்துக்கு வருகிறேன். சாயம் ஏறிய வேர் நுனியை ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை மூடி, மை ஒற்றும் தாளை வைத்துக் கட்டை விரலால் ஒரே சீராக அழுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேன். வில்லை நொறுங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த மும்தாஜ் அக்கா தன் ஸ்லைடை முடித்திருந்தார். தன் வில்லையை எடுத்து, கழுவித் துடைத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் ஸ்லைடு கலைந்துபோனது. அதற்குள் தேர்வாளர் அவருடையதைப் பார்த்து மார்க் போட்டிருந்தார் என்பது மட்டும்தான் ஆறுதல்.

மறுபடி செய்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் திருகினேன். முதலில் வெறும் சிவப்புக் கலங்கல். பிறகு மெல்ல மெல்லக் கட்டம் கட்டமாகச் செல்கள். ஒன்றில் நூல் மாதிரிக் குரோமோசோம்கள் நடுவே வரிசை கட்டி நின்றன. இன்னொன்றில் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் முனைக்கு விலகிக்கொண்டிருந்தன. எவ்வளவு ஒழுங்கு. எவ்வளவு பொறுமை. அவ்வளவு நாள் அதை வரைந்து வரைந்து மனப்பாடம் செய்திருந்தேன். நேரில் பார்த்தது அப்போதுதான்.

தேர்வாளர் வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் ஸ்லைடைப் பார்த்தார். எந்தெந்த நிலை தெரிகிறது என்று கேட்டார், சொன்னேன். எங்கே செல் பிரிதல் அதிகம் நடக்கும் என்று கேட்டார், சொன்னேன். பிறகு சாதாரணமாக, எல்லோரிடமும் கேட்பது மாதிரி, "இப்படிப் பிரியறது நிக்காமப் போயிட்டே இருந்தா என்ன ஆகும்?" என்றார்.

"கேன்சர் சார்."

"ஒரு உதாரணம்?"

"வாய்ப் புற்றுநோய்" என்றேன். "கன்னத்துல வரும் சார். உள்பக்கம்."

சொல்லிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை. சரி என்று தலையாட்டி, மார்க் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

வாசலில் போனை வாங்கிப் பார்த்தபோது மாமா ஏற்கெனவே பலமுறை கூப்பிட்டிருந்தார். உடனே திருப்பிக் கூப்பிட்டேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது, வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், இன்னும் கண் விழிக்கவில்லை என்றார். மும்தாஜ் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆற்காடு தாண்டும்வரை அழுதேன். பிறகு பசித்தது. அழுகையும் பசியும் ஒரே நேரத்தில் வந்ததில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று உள்ளே விடவில்லை. அடுத்த நாள் காலையில்தான் பார்த்தேன். மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். முகத்தின் வலது பக்கம் முழுக்கக் கட்டு. மார்பிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்திருந்தார்கள். கண் மட்டும் அப்பாவுடையது.

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையைப் பார்த்தார். பார்த்தவர் கண் விரிந்துபோனது. என் கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விரல் நுனிகளும் நகக்கண்களும் கருஞ்சிவப்பாக இருந்தன. எவ்வளவு சோப்பு போட்டும் போகாத சாயம். அவர் அதை ரத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

"ரத்தமில்லப்பா, சாயம்" என்றேன். "வெங்காய வேருக்குப் போடற சாயம். பரிச்சை எழுதிட்டு வந்துட்டேன்."

புரிந்துகொண்டதும் அப்பாவின் உடம்பு தளர்ந்து தலையணையில் சாய்ந்தது. என் விரல்களை விடவில்லை. நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை அவற்றைத் தன் விரல்களுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் புதுப் பேச்சு

அதன் பிறகு கதிர்வீச்சு வைத்தியம். வாரக்கணக்கில் அம்மாவும் அப்பாவும் சென்னையில் மாமா வீட்டில் தங்கினார்கள். நான் அடி அண்ணாமலையில் தனியாக இருந்தேன். பக்கத்து வீட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். உயிரியல் எழுத்துத் தேர்வு முடிந்தது. கல்லூரிச் செமஸ்டர் பக்கம் நான் போகவே இல்லை. அதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள், "சரி" என்றாள். "இதையாவது ஒழுங்கா எழுதிடு."

தினமும் சாயந்தரம் அப்பா போன் செய்வார். பேச வராது. வாய் முழுக்கப் புண். சும்மா மூச்சு விடும் சத்தம் கேட்கும். நான் அன்றைக்குப் படித்ததைச் சொல்லுவேன். 'ம்' என்றுகூட அவரால் சொல்ல முடியாது, உதடு ஒரு பக்கம் சேராது. தொண்டையில் ஒரு சத்தம் எழுப்புவார். நாளாக நாளாக அது வார்த்தை ஆனது. மற்றவர்களுக்குப் புரியாத வார்த்தை. மாமாவுக்குப் பாதி புரியும். அம்மா முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். போனில் குரலை மட்டுமே கேட்டுப் பழகியதால் எனக்கு முழுதும் புரிந்தது.

நீட் அன்று அனல் காற்று. தேர்வு மைய வாசலில் ஹேர் பின்னைக் கழற்றச் சொன்னார்கள், மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். மாமா அதையெல்லாம் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, வெளியே ஒரு கடை நிழலில் நின்றார். கேள்வித்தாளில் தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இயற்பியலில் தடுமாறினேன். உயிரியலில் தடுமாறவில்லை. விளக்கி எழுதிப் பழகியதெல்லாம் வீண் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாலு விடையில் மூன்று ஏன் தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முடிவு வந்தபோது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாது, பி.டி.எஸ்.ஸுக்குப் போதும் என்று ஆனது. இன்னும் ஒரு வருஷம் எழுதினால் பெரிய டாக்டர் ஆகலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் பி.டி.எஸ். கலந்தாய்வுக்கே விண்ணப்பித்தேன். உயிரியலில் தேறிவிட்டதாக மும்தாஜ் அக்காவுக்கும் முடிவு வந்தது. பிறகு அவர் நர்சிங் சேர்ந்தார்.

கலந்தாய்வு மேஜை

அப்பா, நான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது போனார். நோய் திரும்ப வந்தது. அதை எழுதுவதற்கு எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனால் கலந்தாய்வுக்கு அவர் வந்தார். வந்தே தீருவேன் என்று வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, துண்டைத் தாடையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சென்னையில் அந்தப் பெரிய ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது.

சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் இருந்தவர் என் இரண்டு மார்க் ஷீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "பயாலஜி மட்டும் தனியா எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து மேலதிகாரியிடம் போனார். அவர் இன்னொருவரிடம் போனார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் வரிசை நீண்டது. யாரோ முணுமுணுத்தார்கள். கூட வந்திருந்த அம்மா என் துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மேஜைக்காரர் திரும்பி வந்தார். கோர்ட் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் இந்தச் சேர்க்கை, தீர்ப்பு மாறினால் சீட் போகலாம், சம்மதம் என்று பெண்ணும் பெற்றவரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பிற்பாடு அந்தத் தீர்ப்பால் எனக்குப் பாதகம் எதுவும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? அப்பாவைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார்.

மேஜைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டார். "நீங்க அப்பாவா? உங்க பேரு?"

அப்பா சொன்னார். அவருக்குப் புரியவில்லை.

"குப்புசாமியா?"

அப்பா இல்லை என்று தலையாட்டி மறுபடி சொன்னார். மறுபடியும் புரியவில்லை. மேஜைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் ஊர் திரும்பியதிலிருந்து அதுதான் வழக்கம், கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில். அப்பா பேசுவார், கேட்பவர் என்னைப் பார்ப்பார், நான் சொல்லுவேன். நான் வாயைத் திறந்தேன்.

அப்பா என் கையின் மேல் கை வைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். தாடையிலிருந்து துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தையல் போட்ட கன்னம் வெளியே தெரிந்தது. பின்னால் முணுமுணுப்பு நின்றது. அவர் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேராத அந்த உதட்டோரத்தைப் பிடித்து, மேலுதடோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"மு. னு. சா. மி."

"முனுசாமி" என்றார் மேஜைக்காரர்.

அப்பா தலையாட்டினார். மேஜைக்காரர் அதை எழுதி முடிக்கும்வரை அப்பா விரலை உதட்டிலிருந்து எடுக்கவில்லை.